பெரிய மாமாவின் மூக்கில் பட்ட பந்து

புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய இடங்கள் பல உண்டு. அதில் முதல் இடம், வீட்டு ஆண்கள் கையில் ஒயரோடு டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் இடம். இது இன்றைக்குத் தெரிகிறது. இருபது வயதில் தெரியவில்லை. பி.யூ.சி. பாஸ் செய்தவள், இங்கிலீஷை எழுத்துக் கூட்டாமல் படிப்பவள் என்ற கொழுப்பு வேறு எனக்கு. (கொழுப்பு என்பது என் மாமியார் வைத்த பெயர். நான் அதை அறிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

போன மாதம் என் மருமகள் விலை மலிவான கேம் கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, டி.வி.யின் பின்னால் ஒரு கேபிளைச் செருகினாள். அவ்வளவுதான், படம் வந்துவிட்டது. "இவ்ளோதான் அத்தை" என்றாள். இதே காரியத்தை இதே காஞ்சிபுரத்தில், எழுபதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நாங்கள் செய்தோம். செய்து முடித்தபோது தெருவே எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

அப்போதும் விஷயம் ஒரு டப்பாதான். கறுப்பும் ஆரஞ்சுமாக, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. இரண்டு பக்கமும் ஒயர் நீண்டு, ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு திருகு. சிங்கப்பூரில் வேலை பார்த்த என் அண்ணன் குமரேசன், எங்கள் தலைதீபாவளிச் சீராக அதை வாங்கி வந்திருந்தான். டி.வி.யோடு சேர்த்துத் திருகைத் திருகினால் திரையில் பந்து அடித்து விளையாடலாமாம். தங்கக் காசு வாங்கி வந்திருக்கலாம். ஒரு சேலை வாங்கி வந்திருக்கலாம். (பட்டு நெய்கிற வீட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து சேலை வருவது அசிங்கம்தான், ஆனாலும் அதை டி.வி.யில் மாட்ட வேண்டியதில்லை.)

அந்த டப்பா ஓடியே ஆக வேண்டும் என்று எனக்கு இருந்த தவிப்பைப் புரிந்துகொள்ள எதிர்வீட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும். எதிர்வீடு என் மாமனாரின் அண்ணன் வீடு. அவர் எனக்குப் பெரிய மாமா, அவர் மனைவி பெரிய அத்தை. பெரிய அத்தைக்கும் என் மாமியாருக்கும் சண்டை எதுவும் கிடையாது. அவர்கள் வீட்டில் ஒரு சாமான் வந்தால் மறுமாதம் எங்கள் வீட்டிலும் அது வந்துவிடும், அவ்வளவுதான். மிக்ஸி அப்படி வந்தது, டி.வி.யும் அப்படித்தான் வந்தது. ஆனால் அவர்கள் வீட்டு மருமகளின் தம்பி துபாயிலிருந்து அனுப்பிய டேப்ரிக்கார்டர் மட்டும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அது விடிந்ததிலிருந்து பாடும். எங்கள் தெருவோ, இந்த வாசலில் நின்று அந்த வாசலில் உப்பு வாங்கலாம், அவ்வளவு அகலம். பாட்டு நேரே எங்கள் அடுப்படிக்கு வரும்.

"கேக்குதா?" என்பார் மாமியார், தோசையைத் திருப்பிக்கொண்டே. "அவ மருமவ தம்பி அனுப்பிச்சது. நம்ம வூட்டுக்கு இன்னா வந்துக்கீது?"

நான் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவேன். டப்பா வந்த பிறகு கேள்வி மாறியது. "டப்பா வந்துக்கீது. அது பாடுமா? பாடாது. ஆடுமா? அதுவும் தெரில." அந்த டப்பா ஓடினால் என் தாய்வீட்டு மானம் தப்பும். ஓடாவிட்டால் நான் கட்டையில் போகும்வரை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அண்ணன் லீவு முடிந்து கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, டப்பாவை மாட்டித் தருவதாகச் சொல்லி வந்தான். அதே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் பெரிய மாமா டி.வி.யில் வருவதாக இருந்தது.

ஆமாம், டி.வி.யில். மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, பட்டுப்புடவையை எப்படிப் பத்திரமாக வைத்திருப்பது என்று ஐந்து நிமிஷம் பேச வைத்துப் படம் பிடித்திருந்தார்கள். அன்றையிலிருந்து அந்த மனிதர் தெருவில் நடக்கிற நடையே வேறு. மீசைக்கு மை. சட்டைக்குக் கஞ்சி. அங்கே என்ன பேசினீர்கள் என்று யார் கேட்டாலும், "இப்ப சொல்லிட்டா அப்புறம் டி.வி.ல இன்னாத்த பாப்பே?" என்பார். ஐயம்பேட்டையிலிருந்து, திருமுக்கூடலிலிருந்து எல்லாம் உறவுக்காரர்கள் மதியமே பஸ் பிடித்து வந்து அவர் கூடத்தில் இறங்கிவிட்டார்கள். என் மாமனாரும் அண்ணன் பக்கத்தில் உட்கார வேண்டுமென்று வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார். மிஞ்சியது நாங்கள் நாலு பேர்: மாமியார், என் கணவர் ஏகாம்பரம், அண்ணன், நான்.

அண்ணன் டப்பாவில் ஆறு டார்ச் பேட்டரியைப் போட்டு, ஒயரை எடுத்துக்கொண்டு டி.வி.யின் பின்னால் போனான். போனவன் வரவில்லை.

"இன்னா மச்சான், எங்க சொருவணும்?" என்று கேட்டார் என் கணவர்.

"பின்னாடி."

"பின்னாடின்னா எங்க?"

"சிங்கப்பூர்ல கடக்காரன் சொருவினான் மாப்ளே, டக்குனு வந்துச்சு. நான் பாத்துக்கினு தான் இருந்தேன்."

"அதான் எங்க சொருவினான்?"

"அவன் முதுகு மறைச்சிக்கினு இருந்துச்சுப்பா."

எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. டப்பாவோடு வந்த இங்கிலீஷ் காகிதத்தை வாங்கிப் படித்தேன். தெளிவாகத்தான் போட்டிருந்தான்: முதலில் ஆன்டெனா ஒயரை டி.வி.யிலிருந்து கழற்றிவிட வேண்டும், பிறகு டப்பாவின் ஒயரை அந்த இடத்தில் மாட்ட வேண்டும்.

"கழட்டறதா?" மாமியார் எழுந்தே விட்டார். "ஆன்டெனாவயா? யார் வூட்டு ஆன்டெனாவ யாரு கழட்டறது?"

அவர் பதறியதிலும் நியாயம் இருந்தது. எங்களூரில் மெட்ராஸ் படம் தெரிய வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாடியில் நெட்டைக் குழாய் நட்டு, மெக்கானிக் அதைக் கட்டிப் பிடித்துத் திருப்ப, நடுவில் ஒருவர் நின்று "தெரியுது... தெரியல... இப்ப தெரியுது" என்று கத்த, ஒரு பகல் முழுக்கப் போன பிறகு படம் வந்தது. போகும்போது மெக்கானிக், "இனிமே எதையும் தொடாதீங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சாதாரணமாகச் சொன்னான், மாமியார் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். டி.வி.யின் சேனல் திருகை யாரும் தொட்டுவிடக் கூடாதென்று அதன் மேல் கறுப்பு நூல் சுற்றி, முடிச்சுப் போட்டு, முடிச்சின் மேல் குங்குமமும் வைத்திருந்தார்.

"அத்தை, கழட்டிட்டு திரும்ப மாட்டிக்கலாம். காயிதத்துல அப்பிடி தான் போட்டிருக்குது."

"காயிதத்துல போடுவான். ஓடற பாவ எவனாச்சும் அறுப்பானா?"

பாவு என்றால் தறியில் நீளவாட்டில் ஓடும் இழைகள். ஒரு பாவு நெய்து முடியும்போது எங்கள் வீடுகளில் அதை அறுத்து எறிந்துவிட்டுத் தறியை வெறுமையாக விட மாட்டார்கள். பழைய பாவின் வாலைத் தறியிலேயே நிறுத்தி, புதுப் பாவின் ஒவ்வொரு இழையையும் பழைய இழையோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைப்பார்கள். ஆயிரக்கணக்கில் இழை. அது பெரும்பாலும் பொம்பளைகள் வேலை. என் பிறந்த வீட்டிலும் தறிதான், அதனால் அந்த வேலையில் நான் கெட்டிக்காரி. புகுந்த வீட்டில் என் மாமியார் என்னை மெச்சிய ஒரே விஷயம் அதுதான்.

அப்போதுதான் நான் அந்தத் திருவாயைத் திறந்தேன்.

"அப்போ கழட்ட வேணாம் அத்தை. பிணைச்சிடலாம்."

மூன்று முகமும் மலர்ந்தன. அட, இது ஏன் நமக்குத் தோன்றவில்லை என்று! இங்கிலீஷ் காகிதத்தில் கழற்றச் சொல்லிக் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, அதைப் படித்தவளே நான்தான். படித்த நானே காகிதத்தை மடித்துச் சொம்புக்கு அடியில் வைத்துவிட்டு, அடுப்பிலிருந்து சாம்பல் எடுத்து வந்தேன். என் கணவர் பிளேடால் ஆன்டெனா ஒயரின் தோலைச் சுரண்டிக் கொடுத்தார். விரலில் சாம்பல் தொட்டு, டப்பாவின் ஒயரை ஆன்டெனா ஒயரோடு சேர்த்து முறுக்கினேன். செம்புக் கம்பிக்குச் சாம்பல் எதற்கு என்று அந்த அறிவுக்கொழுந்துக்குத் தோன்றவே இல்லை.

"பாத்தியா மச்சான், உன் தங்கச்சி கைய?" என்றார் என் கணவர். "இஸ்துப் பாரு, வராது."

வரத்தான் இல்லை. டி.வி.யிலும் எதுவும் வரவில்லை. மெட்ராஸில் இன்னும் ஒளிபரப்பே தொடங்காத நேரம், வெறும் புள்ளி மழை. இதற்கப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. அண்ணன் பேட்டரியைக் கழற்றிப் போட்டான், திருப்பிப் போட்டான், வேட்டியில் துடைத்துப் போட்டான். என் கணவர் டி.வி.யின் மண்டையில் தட்டினார். மாமியார், "மெதுவா தட்டுடா, ஏன் அந்தப் பக்கமே தட்ற, இந்தப் பக்கம் தட்டு" என்றார். சேனல் திருகைத் திருப்பிப் பார்க்கலாமே என்று நான் சொன்னேன். மாமியார் குங்குமத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் காப்பி போடப் போய்விட்டேன்.

காப்பியோடு திரும்பியபோது அண்ணன் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டிருந்தான். அடியில் ஒரு சின்ன ஓட்டை. ஓட்டைக்குள் ஒரு ஸ்குரூ. டி.வி. திருகைத் தொடக் கூடாதென்றால் டப்பாவின் திருகைத் தொடுவோம் என்று, காது குடையும் குச்சியின் அடிப்பக்கத்தை விட்டுத் திருப்பினான். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினான். புள்ளி மழைக்கு நடுவே ஒரு கோடு தெரிந்தது. இன்னும் திருப்பினான். இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக் கட்டை, நடுவே கோடு, சதுரமாக ஒரு பந்து. பந்து போய்க் கட்டையில் பட்டதும் டப்பாவுக்குள்ளிருந்தே ஒரு சத்தம்.

டொக்.

நான் அழுதுவிட்டேன். சத்தியமாக அழுதேன். என் அண்ணனின் டப்பா ஆடுகிறது! பாடவும் பாடுகிறது! (ஒரே ஒரு எழுத்துத்தான் பாடுகிறது, இருக்கட்டுமே.)

மாமியார் முதலில் தொட மாட்டேன் என்றார். பிறகு ஒரே ஒரு தடவை என்றார். பிறகு தறியில் உட்காருகிற மாதிரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். நாற்பது வருஷம் தறியில் கைபழகிய பொம்பளை, திருகு அவர் விரலில் அப்படியே ஒட்டிக்கொண்டது. பெற்ற மகனைத் தோற்கடித்தார். சம்பந்தி வீட்டுப் பிள்ளையைத் தோற்கடித்தார். "வாடா, வாடா, எங்க போவே நீ" என்று பந்தைத் திட்டிக்கொண்டே அடித்தார். டொக். டொக். டொக்.

சாயங்கால ஒளிபரப்பு தொடங்கியதும் பேட்டரியை மிச்சம் பிடிக்க அண்ணன் அணைத்து வைத்த டப்பாவை, மாமியார் மறுபடி போடப் போனார். "அத்தை, மணி ஆயிடுச்சு" என்றேன். "பெரிய மாமா வந்துடுவாரு டி.வி.ல."

"அவரு எதிர் வூட்லயே தான் குந்திக்கினு இருக்காரு. தெனம் பாக்கறோம். நீ கம்முனு இரு, இன்னும் ஒரு ஆட்டம்" என்று ஸ்விட்சைப் போட்டார்.

எதிர்வீட்டில் திடீரென்று கூச்சல் கேட்டது. பெரிய மாமா வந்துவிட்டார், கை தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். அவர்கள் மொட்டைமாடியில் யாரோ ஓடுகிற சத்தம். "திருப்பு! இந்தாண்ட திருப்பு! அய்யோ, இன்னும் நல்லா தெரியுதுடா அது!" என்று யாரோ கத்தினார்கள். நல்லா தெரிகிறது என்றால் நல்லதுதானே என்று நாங்கள் ஆட்டத்தைத் தொடர்ந்தோம்.

ஆன்டெனா என்பது வானத்திலிருந்து வாங்க மட்டும் செய்யும் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அது கொடுக்கவும் செய்யும். கழற்றாமல் நான் பிணைத்து வைத்த ஒயர் வழியாக டப்பாவின் படம் மாடிக்கு ஏறி, குழாய் உச்சியிலிருந்து தெருவைத் தாண்டிக் குதித்து, எதிர்வீட்டு ஆன்டெனாவில் இறங்கிக்கொண்டிருந்தது. எங்களைவிட நாலு முழம் உசரக் குழாய் அவர்களுடையது. அதில் பூஸ்டர் வேறு. டி.வி. திருகைத் தொடக் கூடாதென்று அண்ணன் டப்பாவைத் திருப்பித் திருப்பி, மெட்ராஸ் வருகிற அதே சேனலிலேயே கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டான்.

எதிர்வீட்டில் நடந்ததை மாமனார் பிறகு சொன்னார். அறிவிப்பாளர் பெரிய மாமாவின் பெயரைச் சொன்னாராம். கஞ்சி போட்ட சட்டையோடு பெரிய மாமா திரையில் வந்தார். "வணக்கம். பட்டுப்புடவைய பத்திரமா வெக்கணும்னா, மொதல்ல..." என்றார். அவ்வளவுதான், கொர்ரென்று ஒரு இரைச்சல். அவர் இடது காதோரம் ஒரு வெள்ளைக் கட்டை, வலது காதோரம் ஒன்று. முகத்துக்கு நடுவே நெற்றியிலிருந்து மோவாய் வரை ஒரு கோடு. ஒரு பந்து வந்து அவர் மூக்கைத் தாண்டி அந்தக் காதுக்குப் போனது, திரும்பி இந்தக் காதுக்கு வந்தது. வாய் மட்டும் அசைந்துகொண்டே இருந்தது.

முதலில் மெட்ராஸ்காரனைத் திட்டினார்கள். பிறகு டி.வி.யைத் திட்டினார்கள். பிறகு திருமுக்கூடல் ஆள் ஒருவர்தான் கவனித்திருக்கிறார்: திரையில் பந்து கட்டையில் படுகிற ஒவ்வொரு தடவையும், அந்தச் சத்தம் டி.வி.யிலிருந்து வரவில்லை. எதிர்வீட்டிலிருந்து வருகிறது.

மாமியார் ஒரு பந்தை வெட்டி அடித்துக்கொண்டிருந்தபோது வாசல் இருட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். பெரிய மாமா. அவர் பின்னால் பெரிய அத்தை, மாமனார், ஐயம்பேட்டை, திருமுக்கூடல், தெரு. அவர் கத்தவில்லை. திரையைப் பார்த்தார். பந்து போவதைப் பார்த்தார். அது கட்டையில் படும்வரை காத்திருந்தார். டொக்.

"இதானா?" என்றார்.

"டி.வி. கேமுங்க மாமா" என்று எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டான் என் அண்ணன். "சிங்கப்பூர் சாமான்."

"ஐயோ, அதை அமுத்துணா!" என்று நான் கத்தினேன். அவன் பதறிப் போய் ஸ்விட்சை அணைத்தான். கட்டை, கோடு, பந்து எல்லாம் மறைந்தன. எங்கள் டி.வி.யில் பளிச்சென்று பெரிய மாமா வந்தார். சிரித்த முகம், மை போட்ட மீசை.

"...இப்பிடி மட்டும் செஞ்சி வெச்சீங்கன்னா, பேத்தி காலத்துலயும் பொடவ புதுசாவே இருக்கும். வணக்கம்" என்றார். பூச்செடி ஒன்றைக் காட்டினார்கள். நிகழ்ச்சி முடிந்தது.

அந்தத் தெருவில் அன்றைக்கு அவர் முகத்தை முழுசாகப் பார்த்தது அவ்வளவு நேரம்தான். பெரிய மாமாவும் பார்த்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்று, தலைகளுக்கு மேலாக எம்பிப் பார்த்தார். அந்த முகம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. என் விரலில் சாம்பல் அப்படியே இருந்தது. புடவையில் துடைத்தால் புடவையிலும் தெரிந்தது.

"என் வூட்டுக்காரரு டி.வி.ல வர்றது பொறுக்கலையா?" என்று ஆரம்பித்தார் பெரிய அத்தை. "எவ கொண்டாந்த டப்பாடி இது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரி, ஆயிற்று, அண்ணனோடு இன்றைக்கே பஸ் ஏற வேண்டியதுதான் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். மாமியார் என்னைக் கைகாட்டிவிடப் போகிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பெண்கள் கணவரின் அண்ணன் முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் அந்தக் காலத்தில் கிடையாது. அதனால் என் மாமியார் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"என் மருமவ அண்ணன் வாங்கியாந்தது. அதுக்கு இன்னா இப்போ? உங்க வூட்டு டேப்பு விடிஞ்சதுலருந்து எங்க வூட்டு அடுப்பாண்ட வந்து பாடிக்கினு தான் இருக்குது. நாங்க ஒரு நாளாச்சும் வாசல்ல வந்து நின்னமா? எங்க வூட்டு சாமான் ஒரு நாளு உங்க வூட்டுக்குள்ள வந்துச்சு. வந்துட்டு போவட்டுமே!"

பெரிய அத்தை பதிலுக்கு முந்தானையை இழுத்துச் செருகினார். அதற்குள் கூட்டத்தின் பின்னாலிருந்து திருமுக்கூடல் ஆள் எட்டிப் பார்த்து, "யம்மா, நாங்களும் ஒரு ஆட்டம் ஆடிட்டு போலாமா?" என்று கேட்டார். பெரிய மாமா திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார். அவருடைய விருந்தாளிகள் பாதிப் பேர் எங்கள் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

(கூட்டம் கலைந்ததும் அதே மாமியார் கதவைச் சாத்திவிட்டு, "பிணைக்கறாளாம் பிணைக்க! அறிவு கெட்டவளே!" என்று என்னை வறுத்தெடுத்தார். ஆனால் "நம்ம வூட்டுக்கு இன்னா வந்துக்கீது" என்ற கேள்வி அன்றோடு நின்றது.)

அந்த நிகழ்ச்சியை மறுபடி எப்போதும் காட்டவில்லை. பெரிய மாமாவும் தான் பேசியதைச் சொல்வதில்லை என்று சபதமே எடுத்துவிட்டார். யார் கேட்டாலும், "டி.வி.ல சொல்லிட்டேன். பாக்காதவங்க பாக்காதவங்க தான்" என்பார். எங்களுக்கோ பட்டு நெய்யத் தெரியுமே தவிர வைத்துக்கொள்ளத் தெரியாது, நெய்ததெல்லாம் கடைக்குப் போய்விடும். அதனால் எங்கள் சொந்தத்தில் யார் வீட்டுப் பீரோவில் எந்தப் பட்டுப்புடவை மடிப்பில் கிழிந்தாலும், சரிகை கறுத்தாலும், பூச்சி அரித்தாலும், புகார் இன்றுவரை எனக்குத்தான் வரும். "பெரியப்பா அன்னிக்கி விலாவாரியா சொன்னாரு. இவ தான் கேக்க வுடல" என்பார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரு டொக்.

என் மகன் கல்யாணத்துக்கு என் முகூர்த்தப் புடவையை எடுத்தேன். மடிப்புக்கு மடிப்பு விட்டுப்போயிருந்தது. பொறுக்க முடியாமல் அதைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்கே போனேன். பெரிய மாமாவுக்கு எண்பது தாண்டியிருந்தது. காலைத் தொட்டுக் கும்பிட்டேன்.

"பெரிய மாமா, நாளைக்கி எனக்கும் மருமவ வர்றா. அவ பொடவையாச்சும் தப்பட்டும். 'மொதல்ல'ன்னு ஆரம்பிச்சீங்களே, அதுக்கப்பறம் இன்னா தான் சொன்னீங்க?"

கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். புடவையைப் பிரித்து மடிப்பைத் தடவினார். நூலைப் பார்த்து, சரிகையைப் பார்த்து, என்னைப் பார்த்தார். மனம் இளகிவிட்டது என்று தெரிந்தது. கூடத்தில் இருந்த கல்யாணக் கூட்டம் முழுக்க வாயை மூடிக்கொண்டு கிட்டே வந்தது. பெரிய மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"டொக்" என்றார்.

புடவையை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனார்.